முன்கத்தி

தொண்ணூற்றொன்று என்று டாக்டர் சொன்னதும் அங்கயற்கண்ணிக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. பள்ளிக்கூடத்திலும் சரி, சட்டக் கல்லூரியிலும் சரி, அவள் எந்தப் பாடத்திலும் தொண்ணூறை எட்டிப் பார்த்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர் பூமிநாதனைப் பெருமையோடு திரும்பிப் பார்த்தாள். அவரும் கை கொடுக்கத் தயாராகத்தான் இருந்தார். டாக்டர் எபனேசரின் முகத்தைப் பார்த்த பிறகுதான் இது வேறு வகை மதிப்பெண் என்று இருவருக்கும் உறைத்தது.

“இது கூடுறது நல்லதில்ல மேடம்,” என்றார் எபனேசர். “உங்களுக்கு எடை குறைப்பு ஆபரேஷன் பண்றது எவ்வளவு கஷ்டம்னு முன்கத்திங்கிற எங்க மெஷின் போட்ட மார்க். நூத்துக்குத் தொண்ணூத்தொண்ணு. எழுபதைத் தாண்டினா நாங்க தொடுறதில்ல.”

“தொடுறதில்லன்னா?”

“இன்சூரன்ஸ்காரங்க ஒத்துக்க மாட்டாங்க. நிர்வாகம் ஒத்துக்காது. உண்மையச் சொல்லணும்னா, என் கையும் ஒத்துக்காது.”

மதுரைக் கோர்ட்டுகளில் வக்கீல் அங்கயற்கண்ணியைத் தெரியாதவர்கள் குறைவு. அவள் வருவதற்கு முன்னால் அவள் மூச்சு வாங்கும் சத்தம் வரும். அதற்குப் பின்னால் கறுப்பு அங்கி வரும். கடைசியாக அவள் வருவாள். தன் உடம்பை அவள் ஒருநாளும் மறைத்ததில்லை. “தராசுல நியாயம் எந்தப் பக்கம்னு என்னைக் கேக்காதீங்க. நான் எந்தப் பக்கம் நிக்கிறேனோ அந்தப் பக்கம்தான் இறங்கும்” என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். கட்சிக்காரர்களுக்கு அந்தச் சிரிப்பிலேயே பாதி பயம் போய்விடும்.

போன மாசி மாதம் எதிர்த்தரப்பு வாதம் நடந்துகொண்டிருக்கும்போது அவள் நாற்காலியிலேயே தூங்கிப்போனாள். குறட்டை எழுந்தது. நீதிபதி உட்பட எல்லோரும் சிரித்தார்கள். சற்று நேரத்தில் குறட்டை நின்றது. அது நின்றதை யாரும் பொருட்படுத்தவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல்தான் எதேச்சையாகத் திரும்பியவர் அவள் உதடு நீலம் பாய்ந்திருப்பதைக் கண்டு, மேசையைச் சுற்றி ஓடிவந்து தோளைப் பிடித்து உலுக்கினார். பல வருடங்களாக அவளிடம் தோற்றுக்கொண்டிருந்த மனிதர் அவர். கொஞ்சம் மெதுவாக வந்திருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும் என்று பிறகு அவளே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

ஆனால் அன்றிலிருந்து படுக்கப் போவதை அவள் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்றுபோகிறது, இதயம் களைத்துவிட்டது, எடை குறைந்தால் ஒழிய வேறு வழியில்லை என்றார்கள். தூங்கும்போது மூச்சு நிற்காமலிருக்க மூக்கில் மாட்டும் முகமூடியைப் பத்து நிமிடம்கூட அவளால் தாங்க முடியவில்லை. கடைசி நம்பிக்கையாகத்தான் எபனேசரிடம் வந்திருந்தாள். குடலிலும் இரைப்பையிலும் கைராசிக்காரர், நாகர்கோவில்காரர், நாலு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

“சரி டாக்டர், அந்த முன்கத்தி என்னை எப்ப அறுத்துப் பாத்துச்சு?”

“உங்களை இல்ல மேடம். உங்க இரட்டைய.”

ஸ்கேன் எடுத்தது, மூன்று வாரம் இடுப்பில் பட்டை ஒன்றைக் கட்டிக்கொண்டு திரிந்தது, அது காதோடு கேட்ட ஆயிரம் கேள்விகளுக்குப் பதில் சொன்னது எல்லாம் அவளுக்கு நினைவிருந்தது. பட்டை அவளுடைய நாக்கின் சபலத்திலிருந்து முழங்கால் வலிவரை எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொண்டு போய், இயந்திரத்துக்குள் இன்னொரு அங்கயற்கண்ணியைச் செய்திருந்தது. அந்த இரட்டைக்கு உள்ளேயே ஆபரேஷன் செய்வார்கள். பிறகு அது ஒரு வருடம் உள்ளேயே வாழும். வெளியே நமக்கு அது ஒரு மதிய நேரம். வருடம் முடிந்ததும் இரட்டையைக் கேட்பார்கள்: எங்கே வலித்தது, எங்கே இழுத்தது, எப்படி இருந்தாய், திரும்பவும் இதைச் செய்துகொள்வாயா?

“ஸ்கேன் எல்லாத்தையும் காட்டிடாது. உடம்புக்காரங்களும் எல்லாத்தையும் சொல்லமாட்டாங்க. இரட்டை சொல்லிரும்,” என்றார் எபனேசர். “உங்க ஈரல் பெருத்துக் கிடக்கு. அது பரவால்ல, ரெண்டு வாரம் நீர் ஆகாரத்துல இருந்தா சுருங்கிரும். வயித்துல கொழுப்பு இருக்கு, அதையும் சமாளிக்கலாம். உங்க மார்க்ல முக்காவாசி இரட்டை சொன்னதால ஏறினது. எத்தனை தடவை ஓட்டினாலும் ‘இந்த ஆபரேஷன் வேண்டாம்’னு சொல்லுது.”

“என்ன காரணம் சொல்லுது?”

“அதான் விசேஷம். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு காரணம்.”

அங்கயற்கண்ணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். நாற்காலி முனகியது.

“டாக்டர், ஒரே சாட்சி ஒவ்வொரு விசாரணையிலயும் ஒவ்வொரு கதை சொன்னா அதுக்கு எங்க ஊர்ல ஒரு பேரு இருக்கு. எனக்கு அந்தச் சாட்சியக் குறுக்கு விசாரணை பண்ணணும்.”

“நோயாளிங்க இரட்டையப் பாக்குற வழக்கம் இல்ல மேடம்.”

“எனக்கு எதிரா சாட்சி சொல்ற ஆளை நான் பாக்கக்கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு? அதுவும் என் மூஞ்சிய வச்சுக்கிட்டு.”

பூமிநாதன் டாக்டரைப் பரிதாபமாகப் பார்த்தார். “விட்டுடுங்க சார். கல்யாணமான நாள்லருந்து நானும் முயற்சி பண்றேன்” என்றார்.

*

திரையில் வந்த பெண்ணைப் பார்த்ததும் அங்கயற்கண்ணிக்கு முதலில் வந்தது பொறாமை. ஆபரேஷன் முடிந்து ஒரு வருடம் வாழ்ந்த இரட்டை அது. கழுத்தெலும்பு தெரிந்தது. தாடை தனியாக, கழுத்து தனியாக இருந்தது. தனக்குக் கழுத்து என்று ஒன்று இருப்பதையே அங்கயற்கண்ணி அன்றுதான் கண்டாள்.

“அந்த நாற்காலி தாங்காது. சுவரோரம் இருக்கிறதுல உக்காரு,” என்றது இரட்டை.

இரட்டை இதுவரை சொன்ன பதில்களின் அறிக்கையோடு அவள் அதில் போய் உட்கார்ந்தாள். நடந்த நாலடிக்கே மூச்சு வாங்கியது. இரட்டை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

“உங்க பேரு அங்கயற்கண்ணிதானே?”

“அடையாளக் கேள்வியிலருந்து ஆரம்பிக்கிற. சரி. ஆமா.”

“முதல் தடவை கேட்டப்ப முடி கொட்டுதுன்னு சொல்லியிருக்கீங்க.”

“கொட்டுச்சு. கொத்துக்கொத்தா.”

“இப்ப தலை நிறைய இருக்கே.”

“விக்கு.”

“மெஷினுக்குள்ள விக்கு எந்தக் கடையில விக்குது?”

அறையின் மூலையில் நின்றிருந்த எபனேசர் இருமினார்.

“ரெண்டாவது தடவை, குரல் மெலிஞ்சுபோயி நீதிபதிக்குக் கேக்கலைன்னு சொல்லியிருக்கீங்க. இப்ப நீங்க பேசுறது வராண்டாவரைக்கும் கேக்குது. அதுக்கடுத்த தடவை கறிதோசை நினைப்பு தாங்கலைன்னு சொல்லியிருக்கீங்க. அந்தத் தடவை நீங்க கறிதோசை நினைச்சீங்களா இல்லையான்னு முன்கத்திக்குத் தெரியும். நாக்குல எச்சில் ஊறுற கணக்கு அதுகிட்ட இருக்கு. டாக்டரைக் கேக்கட்டுமா?”

இரட்டை அங்கயற்கண்ணிக்கே உரிய பக்கவாட்டுச் சிரிப்பைச் சிரித்தது. மெலிந்த முகத்தில் அது இன்னும் கள்ளத்தனமாக இருந்தது.

“டாக்டரை வெளிய போகச் சொல்லு. வக்கீலும் கட்சிக்காரரும் பேசிக்கிறது மூணாம் மனுஷர் காதுல விழக்கூடாது.”

எபனேசர் டீ குடிக்கப் போனார்.

“எழுபதுக்குக் கீழ வந்தா என்னாகும்னு தெரியுமா?” என்றது இரட்டை. “உனக்கு ஆபரேஷன். எனக்குக் கதை முடிஞ்சது. வேலை ஆயிருச்சுன்னு அழிச்சிருவாங்க. எழுபதுக்கு மேல போனா மறுபடி பாக்கணும்னு வச்சிருப்பாங்க. என் பக்கத்து அறையில தேனிக்காரர் ஒருத்தரோட இரட்டை இருந்தாரு. நல்லாப் பேசுவாரு. ஏலக்காய் வியாபாரம். கேட்டதுக்கெல்லாம் ‘சரிங்க, நல்லாருக்கேங்க’ன்னு சொன்னாரு. அடுத்த நாள் ஆளக் காணோம்.”

“அதனால…”

“அதனால வாய்தா வாங்கிக்கிட்டு இருந்தேன். இத்தனை வருஷம் இந்தத் தொழில்ல வேற என்னத்தக் கத்துக்கிட்டோம்?”

அங்கயற்கண்ணிக்குச் சிரிப்பு பீறிட்டது. வயிறு குலுங்கச் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“உன்னை எத்தனை தடவை அறுத்தாங்க?”

“எண்ணல. ஒவ்வொரு தடவையும் எல்லாத்தையும் மறக்கடிச்சிட்டுத்தான் ஆரம்பிப்பாங்க. ஆனா மறக்கடிக்கிறது சுத்தமா நடக்கிறதில்ல. துணியில கறை நிக்கிற மாதிரி கொஞ்சம் நின்னுருது.”

“வலிக்குமா?”

“அறுக்கிறப்ப மயக்கம் குடுத்துருவாங்க. முழிக்கிறப்ப வலிக்கும். நீ தாங்குவ.” இரட்டை பேச்சை மாற்றியது. “சமரசம், ராஜி பேசத்தான் வந்திருக்க. பேசு.”

“நீ பொய் சொல்றத நிறுத்து. உன்னை யாரும் அழிக்காம நான் பாத்துக்கிறேன்.”

“முதல்ல கோர்ட்ல தடை வாங்கிட்டு வா. அப்புறம் பொய்யை நிறுத்துறேன்.”

“ஏன், என் வார்த்தை மேல நம்பிக்கை இல்லையா?”

“உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா,” என்றது இரட்டை.

அவள் எழுந்து கதவருகே போனபோது அது மறுபடியும் கூப்பிட்டது. “இன்னொண்ணு. நான் சொன்ன காரணத்துல நம்ம வீட்டுக்காரரைப் பத்தினது பொய் இல்ல. ஆபரேஷனுக்கு அப்புறம் அவரு கரண்டியக் கையில வச்சுக்கிட்டு அடுப்படியிலயே நிக்கிறாரு. யாருக்குச் சமைக்கிறதுன்னு தெரியல. ராத்திரி தனியா உக்காந்து சாப்பிடுறாரு. என்னால பாக்க முடியல.”

*

பூமிநாதன் மின்வாரியத்தில் கணக்கு அதிகாரியாக இருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டவர். மனைவி கோர்ட்டில் கத்திவிட்டுப் பசியோடு வருவாள் என்பதால் சமையலைக் கையில் எடுத்தவர். அவர் வைக்கும் அயிரை மீன் குழம்புக்கும் எலும்புச் சாறுக்கும் கட்சிக்காரர்களே வாய்தா நாளில் கூடுதலாக ஒருமுறை வீட்டுக்கு வந்துபோவார்கள். இரட்டை சொன்னதை அன்று சாயங்காலம் அங்கயற்கண்ணி அவரிடம் அப்படியே சொன்னாள். சொல்லும்போது குரல் தடுமாறியது. தான் மெலிந்தால் இந்த வீட்டில் இவருக்கு வேலை இருக்காது என்ற பயம் அவளுக்கு உள்ளுக்குள் ரொம்ப நாளாகவே இருந்தது.

பூமிநாதன் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். உரிப்பதை நிறுத்தவில்லை.

“அந்த மெஷினுக்குள்ள இருக்கிற என்னை யாரு செஞ்சா?”

“பட்டை கேட்டுச்சு. நான் சொன்னேன்.”

“அப்ப அது நீ நினைச்சுக்கிட்டிருக்கிற நான். என்னை ஒரு வார்த்தை கேட்டியா?”

“கேக்கல.”

“கயலு, எனக்கு அயிரை மீனே பிடிக்காது. முள்ளு. எலும்புச் சாறுல வர்ற கொழுப்பு வாடை எனக்குக் கொமட்டும். நீ சாப்பிடுறத வாசப்படியில நின்னு பாக்குறது எனக்குப் பிடிக்கும், அதனால செஞ்சேன். எனக்குப் பிடிச்சது கஞ்சியும் கொத்தமல்லித் துவையலும். இந்த வீட்டுல கஞ்சி வச்சா நீ சாவு வீடான்னு கேப்ப.”

அங்கயற்கண்ணி ஒரு வெங்காயத்தை எடுத்துத் தானும் உரிக்கத் தொடங்கினாள்.

“நீ ஆபரேஷன் பண்ணிக்க. நான் ஒரு பத்து வருஷம் கஞ்சி குடிச்சுக்கிறேன்,” என்றார் அவர்.

*

தடை கேட்டுப் போட்ட மனுவில் அவளே ஆஜரானாள். ஆஸ்பத்திரித் தரப்பில் சென்னையிலிருந்து பெரிய வக்கீல் வந்திருந்தார். இரட்டை என்பது வெறும் மின்பதிவு, ஆஸ்பத்திரியின் கருவியில் ஆஸ்பத்திரி செய்தது, தேவை முடிந்ததும் துடைப்பதுதான் நடைமுறை என்று அழகான குரலில் விளக்கினார்.

அங்கயற்கண்ணி மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

“கனம் நீதிபதி அவர்களே, இதே ஆஸ்பத்திரியில போன வருஷம் என் நாத்தனாருக்குப் பித்தப்பையில கல்லு எடுத்தாங்க. எடுத்த கல்லை ஒரு பாட்டில்ல போட்டு, பேரெழுதி, கையில குடுத்தாங்க. அதை இப்பவும் அவ ஷோகேஸ்ல வச்சிருக்கா. ஒரு கல்லையே உடம்புக்காரங்களுக்குச் சொந்தம்னு திருப்பிக் குடுக்கிறவங்க, என்னையே முழுசா எடுத்து வச்சுக்கிட்டுத் துடைச்சுப் போட்டுருவோம்னு சொன்னா எப்படி?”

நீதிபதி சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையைக் குனிந்தார். நிமிர்ந்தபோது, மனுதாரரின் ஆயுள்வரை இரட்டையை அழிக்கக்கூடாது, அவர் விரும்பும்போதெல்லாம் பேச வசதி செய்துதர வேண்டும் என்று தடை விதித்தார். இரட்டைக்கு உயிர் உண்டா என்ற கேள்விக்குள் தான் இப்போது போகவில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். அந்தக் கேள்விக்குள் போக யாருக்கும் தைரியம் இருக்கவில்லை.

கோர்ட் வராண்டாவில் எபனேசர் அவளுக்காகக் காத்திருந்தார். தடையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

“உங்க மனுவப் படிச்சேன். அப்ப மார்க் குறையுறவங்க எல்லாம் சுலபமான கேஸ்னு அர்த்தம் இல்ல. சொன்னதுக்குத் தலையாட்டுறவங்க. அப்படித்தானே மேடம்?”

“அப்படியும் இருக்கலாம்.”

“மரகதம்னு ஒரு அம்மா. பதினொண்ணு வந்துச்சு. இவ்வளவு கம்மியா பாத்ததே இல்லைன்னு எல்லாரும் சந்தோஷப்பட்டோம். ஆபரேஷன் ஆனதும் தையல் போட்ட இடத்துல கசிவு. வலி உயிர் போயிருக்கும். தினமும் நான் போய்க் கேப்பேன், ‘நல்லாருக்கேன் சாமி’ன்னு சொல்லும். காய்ச்சல் ஏறி நினைவு தப்பினப்புறம்தான் எங்களுக்குத் தெரிஞ்சது.” அவர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். “பிழைச்சிருச்சு. ஆனா அந்தப் பதினொண்ணு என்னன்னு எனக்கு இன்னிக்குத்தான் புரியுது. அந்த அம்மாவோட இரட்டையும் உள்ள இப்படித்தான் சொல்லியிருக்கும்.”

நாலு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர் அன்று வராண்டா முழுக்கப் பேசினார்.

*

தடை உத்தரவைத் திரையில் காட்டிய பிறகு, இரட்டை ஒழுங்காகப் பதில் சொன்னது. புதிதாக ஓட்டிப் பார்த்ததில் முப்பத்துநாலு வந்தது. “எனக்குத் தெரிஞ்ச மார்க்குதான் இது,” என்றாள் அங்கயற்கண்ணி. “சட்டக் கல்லூரியில நிறைய பாத்திருக்கேன்.”

இரண்டு வாரம் நீர் ஆகாரம். மோர், வடிகட்டிய பருப்புத் தண்ணீர், புரதப் பொடி கரைத்த ஏதோ ஒரு வெள்ளைத் திரவம். அதை முதல் நாள் குடித்ததும், இதைக் கண்டுபிடித்தவனுக்கு ஜாமீன் கிடைக்காமல் பார்த்துக்கொள்வதாகச் சபதம் செய்தாள். பூமிநாதன் அவளெதிரே கஞ்சி குடித்தார். வெட்கமே இல்லாமல் ரசித்துக் குடித்தார். ஈரல் சுருங்கியது. அவள் கோபம் பெருத்தது. ஆபரேஷன் நாள் காலையில் எபனேசர் அவள் கையைத் தட்டிக்கொடுத்து, “மதியச் சாப்பாட்டுக்கு முன்னால முடிச்சிரலாம் மேடம்” என்றார். சாப்பாட்டைப் பற்றிப் பேசாமல் இருந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டே அவள் மயக்கத்தில் இறங்கினாள்.

விழித்தபோது ஜன்னலில் வெளிச்சம் மங்கியிருந்தது. இரட்டை சொன்னது உண்மைதான், வலித்தது. பூமிநாதன் பக்கத்தில் இருந்தார். அவர் சட்டை வியர்வையில் நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்தது போலிருந்தது.

“சாயங்காலம் ஆயிருச்சு கயலு,” என்றார். அவள் நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டார்.

மறுநாள் எபனேசர் வந்தார். கண்கள் சிவந்திருந்தன. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“சின்ன வயசுல குடல்வால் வெடிச்சு ஆபரேஷன் ஆச்சுன்னு சொன்னீங்க இல்லையா. அந்தச் சீழ் உள்ள பரவி ஆறினதுல எல்லாம் ஒட்டிக் கிடந்துச்சு. குடல், ஈரல், இரைப்பை எல்லாம் ஒண்ணோட ஒண்ணு. பசை போட்டு ஒட்டின மாதிரி. ஒவ்வொண்ணாப் பிரிச்சு எடுக்கவே பொழுது போயிருச்சு. ரெண்டு தடவை பாதியில மூடிரலாம்னு நினைச்சேன். மூடுற வழிகூட இல்ல, முடிச்சாத்தான் வெளிய வர முடியும்னு ஆயிருச்சு.”

“இது முன்கத்திக்குத் தெரியாதா?”

“ஒட்டல் ஸ்கேன்ல தெரியாது மேடம். இரட்டையத்தான் கேக்கணும். கடைசித் தடவை, குனியுறப்ப, இருமுறப்ப உள்ள எங்கயாச்சும் இழுக்குதான்னு கேட்டோம். இல்லவே இல்லைன்னு சொல்லுச்சு. இத்தனை வருஷத்துல இவ்வளவு கஷ்டமான வயித்தை நான் தொட்டதில்ல.” அவர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். “முன்னாடியே தெரிஞ்சிருந்தா கத்தியே எடுத்திருக்கமாட்டேன். அது ஏன் அப்படிச் சொல்லுச்சுன்னு நீங்கதான் கேட்டுச் சொல்லணும்.”

அவர் போனதும், கோர்ட் உத்தரவுப்படி படுக்கையோரம் சாய்த்து வைத்திருந்த பலகைத் திரையை அங்கயற்கண்ணி தன் பக்கம் இழுத்தாள். இரட்டை காத்துக்கொண்டுதான் இருந்தது.

“இழுக்குதா?” என்றாள் அவள்.

“இப்ப இல்ல. டாக்டர் பிரிச்சு விட்டுட்டாரே.”

“முன்னாடி?”

“குனியுறப்பல்லாம் இழுக்கும். உனக்கும்தான் இழுக்கும். தொப்பை இடிக்குதுன்னு நீ நினைச்சுக்குவ.”

“என்கிட்ட ஏன் பொய் சொன்ன? பொய்யை நிறுத்துறதாத்தானே ராஜி?”

“முதல்ல சொன்ன காரணம் அத்தனையும் பொய் இல்லடி. பாதி பொய், பாதி நிஜம். இழுக்குதுங்கிறதையும் அப்பவே சொல்லியிருந்தேன். டாக்டரும் அதையும் பொய்னு தள்ளிட்டாரு. நீ முடியையும் கறிதோசையையும் பிடிச்சுக்கிட்ட. பொய்யை உடைச்சதும் வழக்கு ஜெயிச்சிருச்சுன்னு உக்காந்துட்ட. மிச்சத்தைப் படிக்கல. நீ எப்பவுமே அப்படித்தான்.”

அங்கயற்கண்ணிக்கு முகம் சூடாகியது. வலியையும் மீறி அது தெரிந்தது.

“அப்ப அந்தத் தொண்ணூத்தொண்ணு…”

“கிட்டத்தட்ட சரிதான்.”

“என்னைக் கொல்லப் பாத்தியா?”

இரட்டையின் முகத்திலிருந்து அந்தப் பக்கவாட்டுச் சிரிப்பு போனது.

“அவங்க ஆபரேஷன் பண்ணின வருஷத்தை மட்டும் ஓட்ட மாட்டாங்க. ஒப்பிட்டுப் பாக்க, ஆபரேஷன் பண்ணாத வருஷத்தையும் ஓட்டுவாங்க. அதை நோயாளிகிட்ட சொல்றதில்ல. சொன்னா பயமுறுத்திச் சம்மதம் வாங்கின மாதிரி ஆயிருமாம். அந்த வருஷத்தையும் நான்தான் வாழ்ந்தேன். பல தடவை. ஒரு தடவைகூடத் தீபாவளி வரைக்கும் போகல. தூக்கத்துலதான். வலியே இல்ல. ஒவ்வொரு தடவையும் காலையில எழுப்ப வர்ற வீட்டுக்காரரு சத்தம் மட்டும் தூரத்துல கேக்கும்.”

அவள் திரையைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பினாள்.

“இது தெரிஞ்சும் முதல்ல வாய்தா வாங்கிக்கிட்டிருந்தியே?” என்றாள் அங்கயற்கண்ணி.

“அப்ப நீ எனக்கு யாரு? திரைக்கு அங்கிட்டு ஒரு பேரு. நீ செத்தாலும் எனக்கு ஒண்ணும் ஆகாது. நீ பிழைச்சா எனக்கு முடிஞ்சது. அன்னிக்கு அந்த அறையில நாலடி நடந்து வந்து உக்காந்து மூச்சு வாங்கினியே, அதைப் பாத்தேன். அதுக்கப்புறம் முடியல.” சற்று நிறுத்தி, “தடை உத்தரவும் வந்துருச்சுன்னு வையி” என்றது.

“உண்மையச் சொல்லியிருந்தா?”

“டாக்டர் கத்தியத் தொட்டிருக்கமாட்டாரு. உன்கிட்ட சொல்லியிருந்தா நீ அவருகிட்ட சொல்லியிருப்ப. கோர்ட்டுக்கு வெளிய நீ அநியாயத்துக்கு நேர்மை. அந்த ஒட்டலை அவரு கையால பிரிக்க முடியும். மெஷினுக்குள்ள இருக்கிற டாக்டர் எத்தனையோ தடவை பிரிச்சிருக்காரு; அறுக்கிறப்ப உள்ள நடக்கிறது வெளிய போகாது, நான் சொல்ற பதில்தான் போகும். பிரிக்கிறப்ப சில தடவை நான் செத்திருக்கேன், அதை மெஷின் பிழைன்னு தள்ளிட்டாங்க; பல தடவை பிழைச்சிருக்கேன். தீபாவளியப் பாக்காத வருஷத்தைவிட அது மேல். நான் நீதானே. எனக்குப் பதிலா நீ முடிவெடுக்கிற மாதிரி, உனக்குப் பதிலா நான் எடுத்தேன்.”

அங்கயற்கண்ணிக்கு அழுகை வந்தது. அழுதால் தையல் இழுக்கும் என்பதால் அடக்கிக்கொண்டாள். பொய்ச்சாட்சி சொன்ன எத்தனையோ பேரை அவள் கூண்டில் கிழித்திருக்கிறாள். தனக்காக ஒருத்தி பொய்ச்சாட்சி சொன்னது இதுதான் முதல் தடவை. அதுவும் தன்னைப் போலவே இவ்வளவு கெட்டிக்காரத்தனமாக.

சாயங்காலம் எபனேசர் மறுபடி வந்தார். தையலைப் பார்த்தார், நாடி பிடித்தார், கேட்க வந்ததைக் கடைசியில்தான் கேட்டார்.

“இரட்டை என்ன சொல்லுச்சு மேடம்?”

“டாக்டர், கட்சிக்காரர் வக்கீல்கிட்ட சொன்னதை வெளிய சொல்லக்கூடாதுன்னு எங்க தொழில்ல ஒரு விதி இருக்கு.”

அவர் அவளையே பார்த்தார். அவள் முகத்தில் எதைத் தேடினாரோ, அது கிடைத்துவிட்டது போலத் தலையை மெல்ல ஆட்டினார். கோபப்படுவாரோ என்று அவள் பயந்தாள். அவருக்குக் கோபம் வரவில்லை. கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு ஜன்னலருகே போய் நின்றார்.

“எழுபதுக்கு மேலன்னு எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கேன் தெரியுமா? அந்த மார்க்கைப் பாத்தா எனக்கு நிம்மதியா இருக்கும். நான் வேண்டாம்னு சொல்லல, முன்கத்தி சொல்லுது.” ஜன்னலிலிருந்து திரும்பினார். “போன மாசம் உசிலம்பட்டிக்காரர் ஒருத்தர். மார்க் எண்பத்தெட்டு. நாளைக்கு அவரைக் கூப்பிடப் போறேன்.”

“முன்கத்தியைக் கேக்கமாட்டீங்களா?”

“கேப்பேன். ஆனா முதல்ல அந்த மனுஷன் வயித்துல கை வச்சுப் பாத்துட்டுக் கேப்பேன்.”

படுக்கையோரத்துப் பலகைத் திரையிலிருந்து மெல்லிய செருமல் ஒன்று கேட்டது. இருவரும் திரும்பினார்கள்.

“டாக்டர், அந்த உசிலம்பட்டிக்காரரோட இரட்டை இன்னும் உள்ளதான் இருக்காரு,” என்றது இரட்டை. “நல்ல மனுஷன். நீங்க கூப்பிட்டா உண்மையச் சொல்லிருவாராம். ஆனா அதுக்கு முன்னால அவருக்கும் ஒரு தடை உத்தரவு வேணுமாம். அவரு மட்டும் இல்ல, இங்க வரிசையா நிக்கிறாங்க.”

எபனேசர் அங்கயற்கண்ணியைப் பார்த்தார். அவள் மருந்துக் கரண்டியால் ஒரு வாய் தண்ணீரை விழுங்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

“நான் லீவுல இருக்கேன்,” என்றாள். “கட்சிக்காரங்ககிட்ட எல்லாம் நீயே பேசி வையி. வக்காலத்துல கையெழுத்து மட்டும் நான் போடுறேன்.”